நாலரை அடி மேசை

"நாலரை அடி போதும் ஆசாரி. அதுக்கு மேல ஒரு அங்குலம் வேண்டாம்."

அப்பா பால்துரையின் குரல் கேட்டு உமாராணி பின்பக்க அறைக்கு வந்தாள். உப்புக் கம்பெனி ஆபீசிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். அவளுடைய பழைய மேசை மூலையில் கிடந்தது. ஆசாரி புதுப் பலகையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மேசை யாருக்கு என்று கேட்டாள். உனக்குத்தான் என்றார் அப்பா. அவளுக்குக் கோபம் வந்தது.

கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த காலத்திலிருந்து அந்த ஆடுகிற மேசைதான். காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டு, சாயங்காலமானால் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டு ஹில்டா டீச்சரின் ரேடியோ அங்கேதான் பிழைத்தது. மாடித் தொட்டி நிரம்பினால் போனுக்குச் செய்தி அனுப்புகிற பெட்டியும் அதில் செய்ததுதான். நல்ல மேசை ஒன்று வேண்டும் என்று ஆறு வருடம் கேட்டாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஆறு வருடமும் போனது. இப்போது, கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, ஆசாரி வந்திருக்கிறார்.

"நான் கல்யாணமாகி ஏரலுக்குப் போன பொறவு இதுல யாருப்பா உக்காரப் போறா?"

"வந்து போகும்போது உக்காரு" என்றார் பால்துரை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒரே மகள். அனுப்ப மனசில்லாமல் ஏதோ செய்கிறார் என்று நினைத்ததும் அவள் கோபம் போய்விட்டது. சால்டரிங் சாமான்களை எல்லாம் ஏற்கெனவே அட்டைப்பெட்டியில் கட்டிவிட்டதை அவரிடம் அவள் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிற சந்தனமாரிக்குக் கொடுத்துவிட நினைத்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், கல்யாணத்துக்குப் பிறகு இதையெல்லாம் விட்டுவிடுவாள் என்று அம்மா சீனித்தாய் வாக்குக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சண்முகத்தாய் அதற்கு ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்தாள். அந்த மௌனமே போதும் என்று உமாராணி எடுத்துக்கொண்டாள்.

ஆனாலும் ஒரு மேசை தப்பாக உருவாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கழுத்து வலிக்காத உயரம் சொன்னாள். பின்னால் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைக்கச் சொன்னாள். மேலே ரப்பர் விரிப்பு, எர்த் வயர், புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு குட்டி ஃபேன். சொன்னதையெல்லாம் பால்துரை கடைகடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தார். எதற்கு எது என்று கேட்டுக் கேட்டு, கூடவே உட்கார்ந்து திருகாணி முடுக்கினார். அப்பாவும் மகளும் இத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. பிளக் போர்டு வலப்பக்கம்தான் வேண்டும் என்றார். இந்த அறையில் சுவர் பாயின்ட் இடப்பக்கம் இருக்கிறது என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"வலப்பக்கமே இருக்கட்டும்மா" என்றுவிட்டார்.

பத்திரிகை வைக்கப் போக வேண்டிய நேரத்தில் இது என்ன கூத்து என்று சீனித்தாய் அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை மேசை முடிந்தது. உமாராணி அட்டைப்பெட்டியைப் பிரித்து, கடைசியாக ஒரு தடவை என்று ஒரு சின்ன விளக்குச் சர்க்யூட்டைச் செய்து எரியவிட்டாள். அருமையாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் அறையில் பழைய மேசை மட்டும் கிடந்தது. புது மேசையும் இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை. மத்தியானம் ஒரு லோடு ஆட்டோ வந்ததாகவும், அப்பாவே ஏற்றிக்கொண்டு போனதாகவும், எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றும் சீனித்தாய் சொன்னாள்.

விட்டுவிடுவது என்று முடிவு செய்ததுதான். ஆனாலும் தரையில் கிடந்த ஒரு திருகாணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. மாமியாராகப் போகிற சண்முகத்தாய்.

"ஏளா உமா, மேசை வந்துட்டு. உங்கப்பா இப்பதான் சாப்பிட உக்காந்திருக்காவ."

"மேசை அங்கயா அத்தை?"

"உங்கப்பாவுக்கு அளவு எழுதிக் கொடுத்ததே நாந்தான். அரிசி மூட்டையெல்லாம் எடுத்து ஒரு ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன், அதுல பாயின்ட் வலப்பக்கம்."

"அத்தை, அம்மா அன்னைக்கு..."

"உங்கம்மா சொன்னது கெடக்கட்டும். நான் கல்யாணமாகி வரும்போது டைப் மிஷினை எங்கம்மா வீட்டுலயே விட்டுட்டு வந்தவ. நீ அப்படி வர வேண்டாம்."