மாடி வகுப்பில் பார்லிமென்ட்

செம்பாக்கம் ஏரியில் பட்டுத் தெறிக்கும் மதிய வெயில், கரையோரப் பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பில், கூரையெங்கும் அலையடித்துக்கொண்டிருக்கிறது. பார்லிமென்ட் பார்க்க நாளைக்கு டெல்லி ரயில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு, அதையே பார்வையாளர் மாடமாக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே துப்பட்டாவைச் சரிசெய்தபடி நிற்கும் ஷரீஃபா மிஸ்தான் இப்போதைக்கு அமைச்சர். "யார் உள்ள வந்தாலும் சத்தமே வரக் கூடாது. வந்துச்சுன்னா வெளிய அனுப்பிடுவாங்க" என்று எச்சரித்துத்தான் ஒத்திகையை ஆரம்பித்தாள். ஆனாலும் அவள் தலை தெரிந்த ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் எழுந்து, "குட் ஆஃப்டர்… நூ…ன் மிஸ்" என்று ராகம் போட்டு இழுத்துவிட்டார்கள். "தானா வருது மிஸ்" என்கிறாள் மாளவிகா, வாயைப் பொத்திக்கொண்டு. ஷரீஃபா மறுபடியும் வெளியே போய் நுழைகிறாள். யாரும் எழவில்லை. மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கேட்கிறது. சிரிப்பை அடக்கி அடக்கி மாளவிகாவின் கன்னம் உப்பியிருக்கிறது. ஷரீஃபாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து நடந்து மேசைக்கு வருகிறாள், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கையைத் தாழ்த்திச் சொல்கிறாள்: "குட் ஆஃப்டர்நூன், சிட் டவுன்."