இரண்டாவது பஸ்

"பஸ் ஸ்டாப் பக்கம் நீங்க தலையே காட்டக் கூடாது, சொல்லிட்டேன்," என்றார் டீச்சர் போனில். "இன்னைக்கு அவ தனியா வந்து சேர்ந்தா, திங்கக்கிழமையில இருந்து பேக்கரி வேலைக்கு அனுப்பலாம். நடுவுல நீங்க புகுந்தீங்கன்னா, மறுபடி முதல்ல இருந்துதான்."

"சரிங்க டீச்சர். நான் வீட்டைவிட்டு நகர மாட்டேன்," என்றாள் அம்மா, இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

மகளுக்குப் பதினெட்டு வயது. பேச்சு குறைவு; கூட்டமும் சத்தமும் ஆகாது. சிறப்புப் பள்ளி டீச்சர்தான் மாதக்கணக்கில் கூடவே நடந்து, தெருவைக் கடக்கவும் பஸ் எண்ணைப் பார்க்கவும் டிக்கெட் வாங்கவும் பழக்கியிருந்தார்.

வெயில் காய்கிற காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் கிளம்பிய மனைவியைப் பார்த்துக் கணவர் சொன்னார்: "அவ ஒழுங்காப் போயிடுவா. உன்னை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

மருந்துக் கடை முனையில் மகள் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றாள். அம்மா விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் பதுங்கினாள். அந்த நேரம் பார்த்துச் செருப்பு வார் வேறு பிய்ந்துகொண்டது. ஊக்கைக் குத்தி நிமிர்ந்தபோதும் மகள் அங்கேயே நின்றிருந்தாள். வலமா, இடமா என்று மறந்துவிட்டதோ? ஓடிப்போய்ப் பிடிக்கத் துடித்த கையை அம்மா கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். நல்லவேளை, மகள் சரியான பக்கம் திரும்பி நடந்தாள்.

சிக்னலில் வண்டிகள் மறித்ததால் அம்மா சாலையின் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாள். எதிரே பஸ் வந்து நின்றது. பள்ளிக்குப் போகும் அதே எண். மகள் எண்ணைப் பார்த்தாள். எல்லோரும் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பழக்கியும் இப்படியா? அந்த அதிர்ச்சிக்கு அடியிலிருந்து மெல்லிய நிம்மதி ஒன்று தலைதூக்கியது. இவளுக்கு இன்னும் நான் வேண்டும். அந்த நினைப்பைக் கண்டு அவள் இன்னும் ஆடிப்போனாள். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது?

அடுத்த பஸ்ஸில் மகள் முன்பக்கம் ஏறினாள். அம்மா பின்வாசலில் தொற்றிக்கொண்டாள். மகளுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்த கண்டக்டர், அம்மா நீட்டிய காசை வாங்கவில்லை. மழைக்கோட்டை ஏற இறங்கப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். கூப்பிட வாயெடுத்தவள், மகளுக்குக் குரல் கேட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

பள்ளி வாசலில் டீச்சர் காத்திருந்தார். அம்மா அங்கே நின்ற வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வந்துட்டியா, என் கண்ணு. எங்கே, டிக்கெட்டைக் காட்டு."

மகள் உள்ளங்கையை விரித்தாள். டீச்சரின் சிரிப்பு சுருங்கியது.

"ரெண்டு டிக்கெட்டா? ஒரு ஆளுக்கு ஒண்ணுதானேம்மா வாங்கணும்? எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்."

அம்மாவின் கண்கள் கண்ணாடிக்குள் நிறைந்தன. இத்தனை வருடங்களும் பக்கத்தில் உட்கார்ந்து 'ரெண்டு' என்று கேட்டுக் கேட்டுக் கெடுத்தது நான்தான். பேக்கரி போச்சு.

மகள் திரும்பி நேராக வேனுக்குப் பின்னால் வந்தாள். அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவள் கையில் ஒரு டிக்கெட்டை வைத்து அழுத்தினாள்.

"மொத பஸ்ஸுக்கு நீ வரல," என்றாள், கொஞ்சம் கோபமாகவே. "அதான் நான் ஏறல."