முதல் நம்பர்

"எனக்கு முன்னாடி யாருய்யா அது?"

மாடி அறையில் ஹென்றி போட்ட சத்தத்தில், கீழே வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

காசிமேட்டில் இருக்கும் அந்த ஐஸ் பேக்டரிக்கு அவர்தான் மேனேஜர். போன செவ்வாய்க்கிழமை குழாயில் அமோனியா கசிந்தது. கசிந்தால் அந்த நொடியே மேனேஜருக்குப் போன் போக வேண்டும். அதற்கென்றே அலாரம் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து டயல்-அப் மோடம் ஒன்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஹென்றிக்குப் போன் வந்தது முழுசாக ரெண்டு நிமிஷம் தாமதமாக. முதலாளி அவரைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார்.

இன்று மோடத்தைப் பார்க்க சர்வீஸ் கம்பெனியிலிருந்து கார்குழலி வந்திருந்தாள். லேப்டாப்பை அதில் சொருகி ஒரு வரி தட்டினாள். உள்ளே இருந்த செட்டிங் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது.

"மோடம் நல்லாத்தான் இருக்கு சார். முதல்ல ஒரு நம்பரைக் கூப்பிடுது. கொஞ்ச நேரம் காத்திருந்து, லைனை விட்டுட்டு, அப்புறம்தான் உங்களைக் கூப்பிடுது. நீங்க ரெண்டாவதா இருக்கீங்க."

அந்த முதல் நம்பரைத் தன் செல்லில், யார் நம்பர் என்று காட்டும் ஆப்பில் போட்டுப் பார்த்தார் ஹென்றி. பெயர் வந்தது. பூவம்மா.

அவ்வளவுதான். மனுஷனுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

வாட்ச்மேன் அப்பாவு தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார்.

"யாரு போட்டது இதை?"

"நான்தான் சார். போன வருசம் ஒரு மெக்கானிக் வந்தாரே, அவராண்ட சொல்லிப் போட வெச்சேன். இன்னா மேட்டருன்னா சார்..."

"வாயை மூடு! வயசு அம்பத்தெட்டு. பொண்டாட்டி போய்ச் சேர்ந்து மூணு வருஷம்கூட ஆகலை. அதுக்குள்ள கம்பெனி போன்ல பூவம்மா கேக்குதா உனக்கு? அதுவும் எனக்கு முன்னாடி!"

அந்த 'எனக்கு முன்னாடி'தான் ஹென்றிக்கு வயிற்றெரிச்சல். பதினெட்டு வருஷமாக மேனேஜர் நாற்காலியில் இருப்பவரை, கேட்டில் நிற்கிற ஆள் ரெண்டாவது இடத்துக்குத் தள்ளிவிட்டானே!

"சார், கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க சார்."

"என்னத்தைக் கேக்கறது? அமோனியான்னா விளையாட்டா? ரெண்டு நிமிஷம் லேட்டானா எத்தனை உசுரு போவும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே! என்ன திமிரு! இன்னையோட சீட்டைக் கிழிச்சி அனுப்பறேன் பாரு."

கார்குழலியும் முகம் சுளித்தாள். "அழிச்சிடட்டுமா சார்?"

"இரும்மா. அந்த மகராசி யாருன்னு தெரிஞ்சிக்காம விடமாட்டேன். அலாரம் டெஸ்ட் போடு."

"மோடத்துல ஸ்பீக்கரை ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க. திறந்துவிடறேன் சார். அந்தப் பக்கம் பேசறது நமக்குக் கேக்கும்."

அப்பாவு பதறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

"வேணாம் சார்! இப்ப அடிக்காதீங்க! மணி பன்னெண்டர ஆவுது. சோறு துன்ற நேரம் சார்!"

"பாத்தியாம்மா? அவ எத்தனை மணிக்குச் சாப்பிடுவான்னு இந்த ஆளுக்கு மனப்பாடம்! நீ அழுத்து."

கார்குழலி பட்டனை அழுத்தினாள்.

மோடம் டயல் செய்தது. அந்தப் பக்கம் ஒரே ஒரு மணிதான் அடித்திருக்கும்.

ஹலோ இல்லை. யார் என்ற கேள்வி இல்லை. ஒரு பெண்ணின் கூச்சல்தான் மோடத்திலிருந்து வெடித்து வந்தது.

"ஐஸ் கம்பெனி போனு! கேஸு! தட்ட அப்டியே போடுங்க! எல்லாரும் மூக்கப் பொத்திக்கோங்க! நீலா, அந்தச் சின்னதுங்க ரெண்டயும் நீ தூக்கிக்கோ! கைய வுடாதீங்க, ஓடு, மெயின் ரோட்டுக்கு ஓடு!"

அதன் பின்னாலேயே கீச்சுக் குரல்கள். ஏதோ ஒரு குழந்தையின் அழுகை.

ஹென்றி பின்பக்க ஜன்னலைத் திறந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பால்வாடி. முப்பது பிள்ளைகள் இருக்கும். ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு, எச்சில் கையோடு சந்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"அது பால்வாடி டீச்சரு சார்!" அப்பாவுவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "செவுத்தாண்ட ஒரு சைரன் வெய்யுங்கன்னு ரெண்டு தபா உங்களாண்ட வந்து கேட்டேன். ஊதினா ஊரே கூடிடும், கம்பெனி பேரு நாறிடும்னு நீங்கதான் வேணாம்னீங்க. அப்பால நான் இன்னா சார் செய்யறது? செவ்வாக்கெழம கசிஞ்சப்ப இதுங்கள்ல ஒண்ணுகூட இருமல சார். இப்ப பாருங்க, துன்ற சோத்த வுட்டுட்டு ஓடுதுங்க!"

அதற்கு மேல் நிற்கவில்லை. கேஸு இல்லையென்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிவர, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

கார்குழலி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஹென்றி ஜன்னலை விட்டு நகரவில்லை.

மோடம் முதல் நம்பரின் லைனை விட்டது. மறுபடியும் டயல் செய்தது.

கடைசிப் பிள்ளையும் மெயின் ரோட்டில் ஏறிய பிறகுதான், ஹென்றியின் சட்டைப்பையில் போன் அடித்தது.