டர்போவில் கை வைத்தது யார்?

அன்று சர்வீஸ் சென்டரில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். மாமனார், மாப்பிள்ளை, இன்ஜினியர் என்று மூன்று பேர் இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம் என்று நினைக்கிறேன்.

மாமனார் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருடைய டீசல் காரை மாப்பிள்ளை இரவல் வாங்கிப் போனபோது, அது மலைப்பாதையில் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. இன்ஜின் போயே போய்விட்டது. வாரண்டியில் புது இன்ஜின் கேட்டு வரச் சொல்லி மாமியார்தான் இருவரையும் அனுப்பினார். ஆனால் வண்டியில் யாராவது கை வைத்திருந்தால் கம்பெனி தராது.

மாப்பிள்ளை கை வைத்திருந்தான்.

சாவி கிடைத்த அன்றே, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் திருகை முறுக்கிவிட்டான். காற்றழுத்தம் கூடும், வண்டி பறக்கும். நின்ற பிறகு, இழுத்துப் போக ஆள் வருவதற்குள், கை சுடச் சுடத் திருகைப் பழையபடி தளர்த்தினான். “அப்பா வண்டியில எதையாவது நோண்டினீங்கன்னா நான் உங்க பக்கம் பேச மாட்டேன்” என்று மனைவி முன்பே எச்சரித்திருந்தாள்.

இன்ஜினியர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு சரசரவென்று ஏறி, உச்சியில் மேசை போலத் தட்டையாக ஓடியது.

“இது காத்து அழுத்தத்தை அளக்கிற சென்சார் சார். இதுக்கு ஒரு எல்லை இருக்கு. அதுக்கு மேல எவ்வளவு அழுத்தம் போனாலும் இதே நம்பரைத்தான் காட்டும். கை படாத இன்ஜின் இந்த எல்லைப் பக்கமே வராது.”

“சென்சார் பழுதா இருக்கலாமே?” என்றான் மாப்பிள்ளை.

“சோதிச்சுட்டேன். அது குத்துக்கல்லாட்டம் நல்லா இருக்கு.”

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஆயுள் தண்டனை கொடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் துடைத்திருப்பார் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

“நான்தான் மாமா. திருகை நான்தான் முறுக்கினேன்.”

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். “வெறும் திருகா? அதுக்கு இன்ஜின் போகாதே. அழுத்தம் எல்லையைத் தொட்டதுமே கம்ப்யூட்டர் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கியிருக்கும். ப்ரோக்ராம்ல அந்தக் காவலையே யாரோ எடுத்துட்டு...”

“போதும்” என்றார் மாமனார். “வாரண்டி வேண்டாம். இன்ஜின் செலவை நானே பாத்துக்கறேன்.”

மாப்பிள்ளை மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். பெற்ற அப்பாகூட இப்படி மன்னித்திருக்க மாட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பாதித் தூரம்வரை மாமனார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மாப்பிள்ளை, ஒரு உதவி. வீட்டுல திருகை ஒத்துக்கும்போது, அந்த ப்ரோக்ராமையும் நீங்களே மாத்தினதாச் சொல்லிடுங்க.”

“நான் அதைத் தொடவே இல்லையே மாமா.”

“தெரியும். உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே மாத்தியாச்சு. அத்தைக்குத் தெரிஞ்சா என் லைசென்ஸைக் கிழிச்சுப் போட்டுடுவா.”

மாப்பிள்ளை இரண்டு குற்றங்களையும் ஒப்புக்கொண்டான். மனைவி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. இனி அவன் கையில் கார் சாவியே கொடுக்கக் கூடாது என்று மாமியார் உத்தரவு போட்டார்.

புது இன்ஜின் போட்ட காரை, நிரபராதி என்பதால், மாமனார் மட்டும் ஓட்டுகிறார்.