றெஜினோல்ட் வைத்த நேர்த்தி

அடுத்த நாள் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்குமுன் ஆசைதீர ஒருதரம் என்று அஞ்சலீனா கட்லட் பொரித்தாள்.

"உன்ர மாட்டிறைச்சிக் கட்லட்டை அடிக்க இந்தச் சட்டன் ஊரிலயே ஆளில்லை," என்றபடி கணவர் றெஜினோல்ட் இன்னொன்றை எடுத்தார்.

அவள் குற்ற உணர்வோடு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருடைய இதயத்துக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று டொக்டர் சொன்னதிலிருந்து, ஒரு வருடமாக வான்கோழிக் கொத்திறைச்சியில் மிளகைத் தூக்கலாகப் போட்டு ஏமாற்றி வருகிறாள். அப்படியும் கொலஸ்ட்ரோல் இறங்கவில்லை. ஏனென்று டொக்டருக்கும் விளங்கவில்லை.

"மகளின்ர பிரசவம் சுகமா நடக்க நேர்த்தி வைச்சிருக்கிறன். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மாட்டிறைச்சி தொடமாட்டன்," என்றார் றெஜினோல்ட்.

அவளுக்குப் பகீரென்றது. சாப்பிடாத ஒன்றை விடுவது எப்படி ஒறுத்தலாகும்? தன்னுடைய பொய்யால் மகளுக்கான நேர்த்தியல்லவா பாழாகப் போகிறது?

"இஞ்சேருங்கோ, என்னை மன்னியுங்கோ. இந்த வீட்டில மாட்டிறைச்சி சமைச்சு ஒரு வருசம். நீங்கள் சாப்பிடுறது வான்கோழி."

றெஜினோல்ட் கோபிக்கவில்லை. தலையைக் குனித்துக்கொண்டார்.

"அது முதல் நாளே தெரியும், அஞ்சு."

"அப்ப நேர்த்திக்கு எதை விடப்போறீங்கள்?"

"வேலை முடிஞ்சு வரேக்க, தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில ஒவ்வொரு நாளும் சாப்பிடுற மாட்டிறைச்சி ரோல்ஸை."