மரகதத்தின் குரலுக்குச் சந்தா

மனைவி மரகதத்தின் குரல் மாதம் தொள்ளாயிரம் ரூபாய். காது மந்தமான பருப்பு வியாபாரி கனகவேலின் காதுக்கருவியில் ஒவ்வொரு குரலுக்கும் தனிச் சந்தா. தரகர்களின் குரல்களை வைத்துக்கொண்டு, "இவ பேச்சு முப்பது வருசமாக் கேட்டதுதானே" என்று அவளுடையதை மட்டும் நிறுத்தினார்.

இரண்டு வருடம் கழித்து, சந்தா பாதி விலைக்கு இறங்கியதும் புதுப்பித்தார். மரகதம் பேசினாள். சத்தம் கேட்டது, ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"கருவி சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி," என்றார் கருவியைச் சோதித்துப் பார்த்த காது டாக்டர். "கேக்காத குரலுக்கு மூளை இடத்தைச் சும்மா போட்டு வைக்காது. தரகருங்களுக்கு விட்டுடுச்சு."

மரகதம் டாக்டரிடம் ஏதோ சொன்னாள்.

"என்னங்கிறா?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கும் தரகருங்ககிட்டயே போகச் சொல்றாங்க."

கேட்டுப் பழகினால் அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கும் என்றார் டாக்டர். அன்று கனகவேல் கடைக்குப் போகாமல், மாலை முழுக்க மனைவி எதிரில் உட்கார்ந்து கேட்டார். வரவு, 'ஏங்க' என்ற ஒரே சொல், மற்றதெல்லாம் பாக்கி.