துக்க வீட்டில் எம்.எல்.ஏ.

மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து, எம்.எல்.ஏ. வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருக்கும் அவர் மனைவி உடலின் கால்விரல்களில் படிந்திருக்கிறது. சட்டசபையிலிருந்து நேரே வரும் எம்.எல்.ஏ.வின் கழுத்தில் அடையாள அட்டை இன்னும் ஆடுகிறது. மூன்று தேர்தல்களாகத் தொகுதியில் ஒரு துக்க வீட்டையும் அவர் விட்டதில்லை. கூட்டம் விலகி வழிவிட, கைகள் தாமாகக் குவிகின்றன. அழுதுகொண்டிருக்கும் மைத்துனியிடம் குனிந்து, எல்லா வீட்டிலும் சொல்வதையே சொல்லிவிடுகிறார்: "தைரியமா இரும்மா. எது வேணும்னாலும் கேளு, நான் இருக்கேன்." அவள் நிமிர்கிறாள். "காலையிலேருந்து அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா அத்தான். நீங்க வந்துட்டீங்களான்னு." குவிந்த கைகள் பிரியவில்லை. வாசலில் அவருடைய கார் உறுமிக்கொண்டே நிற்கிறது. எந்தத் துக்க வீட்டிலும் ஐயா ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை.